காரியம் முடிந்த பிறகு செய்ய வேண்டிய காரியங்கள்

வீட்டுக்காரர் போய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, சொந்தபந்தம் எல்லாம் பஸ் ஏறிவிட்டதா? அழு கண்ணு, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன் வாழ்க்கைக்கு ஊரார் முடிவெடுக்க ஆரம்பிப்பதற்குள் சில வேலைகளை உன் கையாலேயே முடித்துவிடு. நானும் இதே திருப்பூரில் செக்கிங் மேஜையில் நின்று பிள்ளைகளை வளர்த்தவள்தான். கொஞ்சம் அதட்டித்தான் சொல்வேன்.

1. முதலில் சான்றிதழ்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடு. வாங்கும்போதே பெயரையும் இனிஷியலையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் நீதான் அலைவாய்.

2. அவருடைய போனைப் பையனிடம் விளையாடக் கொடுக்காதே. சிம்மை ரீசார்ஜ் செய்து வை. பேங்க், பி.எஃப். என்று எல்லாத் தகவலும் அந்த நம்பருக்குத்தான் வரும்.

3. “அவர் கம்பெனி கம்பெனியா மாறினவரு, பி.எஃப்.ல என்னங்க்கா இருக்கப் போகுது?” என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் சேர்த்த பணம் மட்டுமல்ல, குடும்பத்துக்கு இன்சூரன்ஸும் உண்டு, அதிகபட்சம் 7 லட்சம் வரை. ஒரே ஒரு மாதம் பென்ஷனுக்குப் பணம் கட்டியிருந்தாலும் உனக்கு மாதப் பென்ஷன் உண்டு. 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தனியாக வரும். சேர்த்த பணம், இன்சூரன்ஸ், பென்ஷன் மூன்றுக்கும் சேர்த்து ஒரே படிவம்தான். புரோக்கரிடம் போய் நிற்காதே.

4. கம்பெனிக்குப் போகும்போதோ திரும்பும்போதோ வண்டியில் அடிபட்டாரா? இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் அதையும் வேலையில் நடந்த விபத்தாகவே எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அப்படி ஏற்றுக்கொண்டால் அவருடைய சம்பளத்தில் 90 சதவீத அளவுக்குக் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும். “ரோட்டுல நடந்ததுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?” என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடாதே. நேராக இ.எஸ்.ஐ. ஆபீசுக்கே போய்க் கேள். ஈமச் சடங்குக்கு 15,000 ரூபாயும் அங்கே உண்டு.

5. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கு. வருஷத்துக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஆயுள் காப்பீடு, இரண்டு லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடு, அதுவும் இரண்டு லட்சம். “ஏதோ பேங்க்காரன் புடிக்கிறான்” என்று அவர் திட்டிக்கொண்டே இருந்த பணமாக இருக்கும். தள்ளிப்போடாமல் உடனே கேள்.

6. குழுக்கடன். தவணை கட்டும் முன் ஒரு கேள்வி கேள்: “கடனுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்களா, அதுல புருஷன் பேரும் இருக்குதா?” பல இடங்களில் இருக்கும், அவர்களாக வாய் திறக்க மாட்டார்கள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் போட்டு நச்சரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதையும் சத்தமாகவே சொல்.

7. இதுதான் முக்கியம். ஒரு வருஷத்துக்கு எதையும் விற்காதே. இடம், நகை, வீட்டில் அவர் போட்டிருந்த ஓவர்லாக் மிஷின், எதையும். இழவு வீட்டில் கேட்கிற விலை எப்போதும் அடிமாட்டு விலைதான். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடினபோது நம்ம ஊரே இனி எழாது என்றார்கள். நொய்யலுக்குள் சாயத்தண்ணியை விட்ட பட்டறைகள், கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்த இடைவேளையில் பயந்து மிஷினைத் தள்ளிவிட்டவர்கள், பிறகு ஆர்டர் வந்தபோது அடுத்தவர் மிஷினில் பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்தார்கள். “பணத்தை என்கிட்ட குடு, நான் பாத்துக்கறேன்” என்கிற கொழுந்தனார் நல்லவராகவே இருக்கட்டும். பணம் உன் பேரில் பேங்கில் இருக்கட்டும்.

8. வேலைக்குத் திரும்பு, ஆனால் துக்கத்தை மறக்க ஒன்றரை ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று விழாதே. பிள்ளைகளுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை என்றாகிவிடும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஞாயிறு சந்தைக்குப் போகும் முன்பே வாடகை, பள்ளி, சீட்டு என்று பிரித்து வை. கூடவே உனக்கென்று ஒன்று. தையல் பழகுவதோ, பேட்லாக் மிஷின் ஓட்டக் கற்பதோ, சும்மா படுத்துத் தூங்குவதோ, நீ நினைத்துச் செய்வதாக இருக்கட்டும்.

9. பூ, பொட்டு, கலர் சேலை, கல்யாண வீடு எல்லாம் உன் இஷ்டம். யாரிடமும் அனுமதி கேட்காதே, கேட்டால் கொடுக்க மாட்டார்கள். மறுமணமும் அப்படித்தான். செய்துகொண்டால் பி.எஃப். பென்ஷன் உனக்கு நின்றுபோகும், தெரிந்துகொள். அந்தப் பென்ஷனுக்காக மட்டும் வாழ்க்கையை முடிவு செய்யாதே.

10. கடைசியாக, கம்பெனியில் பாக்கிக் கூலி, தீபாவளி போனஸ், கிராஜுட்டி. வேலையில் இருக்கும்போது இறந்தவருக்குக் கிராஜுட்டி கொடுக்க ஐந்து வருஷ சர்வீஸ் தேவையில்லை. “அஞ்சு வருஷம் ஆகலையே” என்றால் நம்பாதே. போகும்போது துணைக்கு ஒருத்தியைக் கூட்டிப்போ, மனுவை இரண்டு பிரதியாக எழுதிக்கொண்டு போ. ஒன்றில் சீல் வைத்து, தேதி போட்டு வாங்காமல் கேட்டைத் தாண்டாதே.