கடல் அட்டை: எலும்புத் துகள் சொல்லும் சாட்சி

மாணவர்களே, இந்த வாரம் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் ராமேசுவரம் தீவின் நுனியில் தனுஷ்கோடி. எதிரே இலங்கையின் தலைமன்னார். இடையில் சுமார் 30 கிலோமீட்டர் கடல், அதுவும் ஆழம் குறைந்த கடல். வெளிப்பொறி பூட்டிய ஒரு ஃபைபர் படகு ஒரே இரவில் போய்த் திரும்பிவிடும். ராமநாதபுரத்திலிருந்து இங்கு வந்த குடும்பங்கள் நிறைய இருப்பதால், உங்களில் சிலருக்கு மண்டபம், தொண்டி என்ற ஊர்ப் பெயர்கள் தாத்தா பாட்டி சொல்லித் தெரிந்திருக்கும்.

இந்தக் கரையில் ரோந்துப் படையினர் நிறுத்தும் படகுகளில் சில நேரம் மூட்டை மூட்டையாக ஒரு பொருள் சிக்கும். கறுத்துச் சுருங்கி, கருகிப்போன கத்தரிக்காய் போல இருக்கும். அதுதான் உலர்த்திய கடல் அட்டை.

பெயரைப் பார்த்து இரத்தம் உறிஞ்சும் அட்டையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவான முட்தோலி. லங்காவியில் விற்கும் காமாட் எண்ணெயைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு வகைக் கடல் அட்டையிலிருந்து வருவதுதான். மூச்சு விடுவது பின்பக்க வழியாக! வகுப்பில் இதைச் சொன்னால் ஐந்து நிமிடத்துக்குச் சிரிப்பு அடங்காது. எதிரி நெருங்கினால் சில இனங்கள் தம் குடலையே வெளியே தள்ளிவிடும். சில வாரங்களில் புதுக் குடல் வளர்ந்துவிடும்.

இதன் வேலை மணல் தின்பது. மணலோடு ஒட்டியிருக்கும் அழுகல் பொருளைச் செரித்துவிட்டுச் சுத்தமான மணலை வெளியே தள்ளும். ஆஸ்திரேலியாவின் ஹெரன் தீவுப் பவளத்திட்டில் டிரோன் படங்களைக் கொண்டு கணக்கிட்டார்கள். அங்குள்ள ஏறத்தாழ 30 லட்சம் அட்டைகள் ஆண்டுக்குச் சுமார் 64,000 டன் மணலைப் புரட்டிப் போடுகின்றன. வகுத்துப் பாருங்கள்: ஓர் அட்டைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 21 கிலோ. பிரெஞ்சுப் பாலினீசியாவில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வு இன்னும் கவலை தருவது. அட்டைகளை அகற்றிய இடங்களில் பவளங்கள் முழுதாகச் செத்துப்போகும் வாய்ப்பு 15 மடங்கு கூடியது. துப்புரவுப் பணியாளர் வராத தெருவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, குற்றம் எங்கே வருகிறது? இந்தியா 2001-இல் எல்லாக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. பிடித்தால் ஏழாண்டு வரை சிறை. இலங்கையிலோ உரிமம் பெற்றவர்கள் பிடிக்கலாம், ஏற்றுமதி செய்யலாம். வடக்கில் அட்டைப் பண்ணைகளும் உண்டு. ஆக, இந்தப் பக்கம் குற்றமான மூட்டை, கடல் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் சரக்காகிவிடுகிறது. அங்கிருந்து அது போகும் சந்தைகள் நம் பக்கத்தவைதான்: சீனா, ஹாங்காங், சிங்கப்பூர். சீனப் புத்தாண்டு விருந்தில் ‘ஹாய் சம்’ சாப்பிட்டவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். நல்ல ரகம் கிலோ பல நூறு டாலர்.

பிடித்த மூட்டையை வைத்து எது எந்த இனம் என்று எப்படிச் சொல்வது? உயிரோடு இருக்கும்போது நிறம், புள்ளி, தோல் என்று பல அடையாளங்கள் உண்டு. வேகவைத்து, மணலில் புதைத்து, மேல்தோலின் சுண்ணாம்பைத் தேய்த்து, வெயிலில் காயவைத்த பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான். இங்கேதான் ஆய்வுக்கூடம் உதவிக்கு வருகிறது. கடல் அட்டைக்கு நம்மைப் போன்ற எலும்புக்கூடு கிடையாது. தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கால்சியம் கார்பனேட் துகள்கள் புதைந்திருக்கின்றன. என்னதான் தேய்த்தாலும் உள்தோலில் கொஞ்சம் தங்கிவிடும். ஒரு துணுக்கை வெட்டிக் குளோரின் வெளுப்பானில் போட்டால் தசை கரைந்து துகள்கள் அடியில் படியும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்று மேசை போல, ஒன்று சட்டைப் பொத்தான் போல, ஒன்று கம்பி போல. மன்னார் வளைகுடாவில் அதிகம் கடத்தப்படும் வெள்ளை அட்டையில் மேசை வடிவமும் முண்டும் முடிச்சுமான பொத்தான் வடிவமும் இருக்கும். துகளிலும் ஐயம் தீராவிட்டால் டிஎன்ஏ சோதனை உண்டு. ஆனால் கொதிக்க வைத்த தசையில் டிஎன்ஏ சிதைந்திருக்கும்.

ஒரு கேள்வி. வெளுப்பானுக்குப் பதில் அமிலத்தை ஏன் ஊற்றக்கூடாது? முட்டை ஓட்டை வினிகரில் போட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள், விடை கிடைக்கும். (வெளுப்பானை வீட்டில் தொடவேண்டாம். வினிகரோடு அதைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு வரும்.)

துகள் இனத்தைச் சொல்லிவிடும். எந்தக் கரையில் பிடித்தது என்று சொல்லாது. வெள்ளை அட்டை இரு கரையிலும் ஒரே இனம். அதன் இளம் உயிரிகள் இரண்டு வாரம் வரை நீரோட்டத்தில் மிதந்து திரியும், எல்லைக் கோட்டை அவை அறியா. என் கருத்தில், இரு நாடுகளும் ஒரே விதியை வைத்துக்கொள்ளாத வரை நுண்ணோக்கிக்குப் பாதி வேலைதான். தடையால் பிழைப்பு போனது என்று மூழ்கி அட்டை எடுத்த மீனவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் ஒரு மூட்டைக்குப் பெறுவது, கடைசியில் விற்பவர் பெறுவதில் சிறு பகுதிதான்.

ஆனால் ஒரு மூட்டை கூடக் கடலுக்குப் பெரிது. காரணம் இனப்பெருக்கம். ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தனித்தனியே நீரில் விடுகின்றன. பக்கத்தில் இருந்தால் அவை சந்திக்கும். தள்ளியிருந்தால் நீரில் கலைந்துவிடும். ஆகவே எண்ணிக்கை பாதியானால் குஞ்சுகள் பாதியாவதோடு நிற்பதில்லை, அதைவிட வேகமாகச் சரியும்.

உயிரோடு பிடிபட்ட அட்டைகளை நீதிமன்ற அனுமதி பெற்று வனத்துறையினர் மீண்டும் கடலில் விடுவதுண்டு. உங்களிடம் 200 அட்டைகளும் ஒரு படகும் கொடுத்தால், எல்லாவற்றையும் ஓரிடத்தில் இறக்குவீர்களா, பத்து இடங்களில் பரப்புவீர்களா? முன்பத்தியை மறுபடி படித்துவிட்டு, உங்கள் விடையைக் காரணத்தோடு குறிப்பேட்டில் எழுதுங்கள்.