வேன் இழுக்கும், சுமக்குமா?

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். நான், கணவர், 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கோடையில் சில நாட்களுக்கு என் அம்மாவும் வருவா. கூடவே இரண்டு நாய்கள்: 30 கிலோ எடையுள்ள வயதான லாப்ரடோர் ஒன்று, 8 கிலோவில் ஒரு சின்ன நாய். இதுவரை கூடாரம் அடித்துத்தான் தங்கினோம். மழையில் நனைந்த நாய்களோடு இனி ஒரே கூடாரத்தில் படுக்க மாட்டோம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அதனால் பாவித்த பொப்-அப் ட்ரெய்லர் ஒன்று தேடுகிறோம். 12 அடிப் பெட்டியுள்ள ஒன்று கணவருக்குப் பிடித்துவிட்டது. வெறும் எடை 2,500 இறாத்தல், எட்டுப் பேர் படுக்கலாமாம். எங்களிடம் இருப்பது 2017 ரொயோட்டா சியன்னா. "அது 3,500 இறாத்தல் இழுக்கும், யோசிக்காமல் வாங்குங்கோ" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? நாய் நகத்துக்குத் துணிச் சுவர் தாங்குமா?
— வாசகி, ஸ்காபரோ

பதில்: விற்பவர் சொன்னது பொய்யில்லை. உரிய இழுவை வசதிகளோடு வந்த சியன்னா 3,500 இறாத்தல், அதாவது 1,587 கிலோ, இழுக்கும். உங்கள் வேனில் அந்த வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். ஆனால் அவர் இழுக்கும் கணக்கை மட்டும் சொல்லியிருக்கிறார். சுமக்கும் கணக்கு வேறு. உங்கள் குடும்பத்துக்கு இடிக்கப்போவது அதுதான்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுச்சீட்டு இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். நாய்களும் அந்தக் கணக்கில்தான் வரும். ட்ரெய்லரின் முன்பாரமும் அதற்குள்தான். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ட்ரெய்லர் பின்னால் வாலாட்டாமல் வரவேண்டுமானால், அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வேனின் கொக்கியில் இறங்க வேண்டும். கொக்கிப் பாரத்தைக் குறைத்து இந்தக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது. குறைத்தால் நெடுஞ்சாலையில் பெரிய லொறி ஒன்று கடந்து போகும்போது ட்ரெய்லர் ஆடத் தொடங்கிவிடும்.

12 அடி ட்ரெய்லரைப் பார்ப்போம். 2,500 இறாத்தல் என்றால் 1,134 கிலோ. அது வெறும் எடை. பற்றரி, நிரப்பிய காஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கை, கதிரைகள், வெயில்மறைப்பு, நாய்க்கூண்டு, லீற்றருக்கு ஒரு கிலோ வீதம் தண்ணீர் என்று 230 கிலோ சேர்வது சுலபம். மொத்தம் 1,364. அதில் 12 சதவீதம் கொக்கியில் இறங்கினால் 164 கிலோ. நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து 280 கிலோ, நாய்கள் 38, கொக்கியும் அதன் இரும்பும் 20 என்று வையுங்கள். ஆக 502 கிலோ. கதவுச் சீட்டில் 520 என்று இருந்தால் மிச்சம் 18 கிலோ. ஐஸ் பெட்டியே அதைத் தின்றுவிடும். கொக்கிக்கென்று தனி எல்லையும் உண்டு, அதையும் கையேட்டில் பாருங்கள்.

சட்டமும் இதே இடத்தில்தான் குறுக்கே வருகிறது. ஒன்ராறியோவில் ட்ரெய்லரும் பாரமும் சேர்ந்து 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் வந்தால், ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் இருக்க வேண்டும். அது மின்சார பிரேக் என்றால் வேனுக்குள் அதைக் கட்டுப்படுத்தும் கருவியும் பூட்ட வேண்டும். அந்தச் செலவை விற்பவர் விலையில் சேர்த்திருக்க மாட்டார்.

ஆகவே 12 அடி வேண்டாம். 10 அடிப் பெட்டி, வெறும் எடை 700 முதல் 850 கிலோ, எல்லாம் ஏற்றிய பிறகு 1,000 கிலோ அளவில் நிற்கும் ஒன்றைத் தேடுங்கள். கொக்கிப் பாரம் 120 கிலோவுக்கு இறங்கும். தண்ணீர்த் தொட்டியைப் பூங்காவுக்குப் போய் நிரப்புங்கள், நிறைத்துக்கொண்டு 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஓடத் தேவையில்லை. இந்த எடைக்கும் பிரேக் இருந்தால் நல்லது. வேனின் கையேடு அதைக் கட்டாயம் என்று சொன்னால் சட்டம் கேட்காவிட்டாலும் பூட்டுங்கள்.

"எட்டுப் பேர் படுக்கலாம்" என்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். மேசையை இறக்கி, இருக்கைகளைச் சேர்த்து, ஓரத்தில் ஒரு பிள்ளையைச் செருகினால் வரும் கணக்கு அது. உங்களுக்கு மூன்று படுக்கை போதும்: இரு பக்கமும் வெளியே இழுக்கும் கட்டில்களில் நீங்கள் இருவரும் பிள்ளைகளும், மேசைப் படுக்கையில் அம்மா. அதற்குப் பிறகு தரையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் நாய் வளர்ப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. லாப்ரடோர் கால் நீட்டிப் படுக்கும் நீள அகலத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். மேசையைப் படுக்கையாக்கிய நிலையில் நடைபாதையை அளந்து பாருங்கள். இரவு 2 மணிக்கு அம்மா எழும்பினால் நாயை மிதிக்காமல் கதவுக்குப் போக முடிய வேண்டும். உள்ளே கழிப்பறை கட்டிய மாதிரிகள் இந்தத் தரையைத்தான் தின்கின்றன. தூக்கிச் செல்லும் சிறிய கழிப்பறைப் பெட்டி ஒன்றே போதும். பக்கவாட்டில் வெளியே தள்ளும் அறை தரையைக் கூட்டும், ஆனால் பாரத்தையும் கூட்டும். உங்கள் வேனுக்கு அது சரிவராது.

முழுவதும் கட்டிச் சுவராக, முக்கோணமாக எழும்பும் ட்ரெய்லர்களையும் பார்த்திருப்பீர்கள். நாய்க்கு அருமையானவை, இரண்டு பேர் மட்டும் தங்குவதற்கும் அருமையானவை. ஐந்து பேருக்கு இல்லை.

நகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கன்வஸ் துணி நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. கிழிவது ஜன்னல் வலை. வெளியே ஒரு அணில் ஓடினால் போதும். நாய் எட்டும் உயரத்திலுள்ள வலைகளை மட்டும் செல்லப்பிராணிகளுக்கென்று விற்கும் தடித்த வலையாக மாற்றுங்கள். உங்கள் சின்ன நாய்தான் எனக்குக் கவலை. கட்டிலின் விளிம்பில் துணியை வெல்க்ரோவும் இழுவைக் கயிறும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். மூக்கை நுழைத்துத் தள்ளிப் பழகிய நாய் அந்த மூலையால் வெளியே போய்விடும். அதை இரவில் கூண்டில் படுக்க வையுங்கள். கிழட்டு லாப்ரடோருக்குப் படி உயரம், ஒரு சாய்பலகை வேண்டும்.

பூங்கா விதிகளையும் வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் நாய் எப்போதும் 2 மீற்றருக்கு மேற்படாத கயிற்றில் இருக்க வேண்டும். நாய்களுக்கென்று ஒதுக்கிய கரையைத் தவிர மற்றக் குளிக்கும் கரைகளில் அனுமதியில்லை. பிள்ளைகள் குளிக்கும்போது நாயோடு யாராவது ஒருவர் இருந்தே ஆக வேண்டும். "ட்ரெய்லருக்குள் விட்டுவிட்டுப் போகலாம்" என்று நினைக்காதீர்கள். வெயிலில் துணிக் கூரைக்குள் சூடு விறுவிறுவென்று ஏறும், குளிரூட்டியை நம்பி விட்டால் மின்சாரம் எப்போது நிற்கும் என்று தெரியாது. துணிச் சுவர் குரைப்பையும் மறைக்காது. கழிப்பறைக்கு ஆட்கள் போகும் வழியோரத்தில் இடம் பதிவு செய்யாதீர்கள். நாய்ச் சாப்பாடும் கரடிக்குச் சாப்பாடுதான், கோப்பையோடு எடுத்து வேனுக்குள் பூட்டுங்கள். ஒருநாள் பான்ஃப் பக்கம் போவதென்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: லேக் லூயிஸில் கட்டிச் சுவர் ட்ரெய்லர்களுக்கு ஒரு முகாம், துணிச் சுவருக்கு மின்வேலி போட்ட இன்னொரு முகாம். உங்களுக்கு இரண்டாவதுதான்.

பாவித்ததை வாங்கும்போது கூரையை எழுப்பாமல் காட்டும் ஆளிடம் வாங்க வேண்டாம். எழுப்பச் சொல்லி, கூரையின் நான்கு மூலைகளையும் தரையையும் கையால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் தண்ணீர் இறங்கி மரம் உக்கிவிட்டது, விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வாருங்கள். பூஞ்சை வாசனை வந்தாலும் அப்படியே. ரயரின் பக்கத்தில் DOT முத்திரையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அப்படியென்றால் புது ரயருக்கான காசை விலையில் கழியுங்கள். நாய்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், உள்ளே ஏற்றிப் பாருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். மழையில் மடித்த துணியை வீடு வந்ததும் விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சில நாட்களில் பூஞ்சை பிடிக்கும். விரித்தால் 10 அடிப் பெட்டி ஏறத்தாழ இரு மடங்கு நீளமாகும். உங்களுடையது டவுன்ஹவுஸ் என்றால் வாகனத் தரிப்பிடத்தில் இதை விரிக்க விடுவார்களா என்று நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் ட்ரெய்லர் தேட வேண்டாம், நல்ல பெரிய கூடாரமொன்றும் நாய்களுக்குத் தனியாக ஒரு சின்னக் கூடாரமும் வாங்குங்கள். விடுவார்கள் என்றால் 10 அடியை வாங்கி, முதல் பயணத்துக்கு முன் ஆட்களும் நாய்களும் சாமானும் ஏற்றிய வேனையும் ட்ரெய்லரையும் லொறிகள் எடைபோடும் தராசில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.