பின் டிஸ்க்குக்கும் காற்று வேண்டும்: டிராக் காரில் ரோட்டர் மாற்றும் முறை

ரேஸ் டிராக்கில் கார் ஓட்டுகிறவர்கள் பிரேக்குக்கென்று செலவழிக்கும் பணம் பெரும்பாலும் முன் சக்கரங்களுக்கே போகிறது. பிரேக் அடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் அது நியாயம்தான். ஆனால் பின்னால் இருக்கும் மெல்லிய டிஸ்க் படும் பாட்டையும் பார்க்க வேண்டும். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ இதற்கு நல்ல உதாரணம். அதன் சாதாரண மாடலில் பின்னால் வருவது 300 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. தடிப்பும் கொண்ட கெட்டி டிஸ்க். பெர்ஃபார்மன்ஸ் பேக் மாடலிலும் கோல்ஃப் ஆர் காரிலும் 310 மி.மீ. விட்டம், 22 மி.மீ. தடிப்பு, நடுவில் காற்றுப்பாதை. அதே குடும்பத்துப் பாகம் என்பதால் இதையே பரிந்துரைக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. 1,400 கிலோ கார் மணிக்கு 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கினால் சுமார் 18 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் கால் பங்கு பின்னால் போனாலே, அந்த மெல்லிய டிஸ்க் ஒரே பிரேக்கில் நூறு டிகிரிக்கு மேல் சூடேறும். மலேசியாவின் செப்பாங் போல நீண்ட நேர்பாதைகளின் முடிவில் கூர்மையான வளைவு வரும் டிராக்கில், ஆறுவதற்குள் அடுத்த பிரேக் வந்துவிடும். காற்றுப்பாதை உள்ள டிஸ்க் சுழலும்போது மையத்தருகே காற்றை இழுத்து விளிம்பு வழியாக வெளியே தள்ளுகிறது. வெப்பம் வெளியேறும் பரப்பும் கூடுகிறது.

செலவு செய்யுமுன் சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஸ்டீயரிங் காட்டும் பாதையிலிருந்து கார் விலகினால், இஎஸ்சி என்ற நிலைத்தன்மைக் கட்டுப்பாடு தானாகவே தனிச் சக்கரங்களின் பிரேக்கை அழுத்தும். ஓட்டுநர் வளைவில் முரட்டுத்தனமாக ஓட்ட, இஎஸ்சி ஓயாமல் குறுக்கிட்டால், டிஸ்க்கை மாற்றியும் பாதிப் பலன்தான்.

வாங்க வேண்டியவை: ரோட்டர் (அதாவது டிஸ்க்), அந்தத் தடிப்புக்கேற்ற காலிப்பர், அதைத் தாங்கும் பிராக்கெட், பேட், புதிய போல்ட்டுகள். தடிப்பு கூடுவதால் பழைய காலிப்பர் பொருந்தாது. உங்கள் வீலுக்குள் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். துளையிட்ட ரோட்டர் அழகாக இருக்கும், டிராக்கில் அந்தத் துளைகளிலிருந்துதான் வெடிப்பு கிளம்பும், எனவே வேண்டாம். உள்தகடுகள் வளைந்திருக்கும் வகையில் இடது, வலது மாறிவிடக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். டிஸ்க்கின் தடிப்பு பிரேக் பலத்தை மாற்றாது. விட்டம், காலிப்பர் பிஸ்டன் அளவு, பேடின் உராய்வு ஆகிய மூன்றும் மாற்றும். முன்னால் சாதாரண பேடை விட்டுவிட்டு பின்னால் மட்டும் ரேஸ் பேட் போட்டால், பின் சக்கரங்கள் முன் சக்கரங்களை முந்திக்கொண்டு பிடிக்கப் பார்க்கும். வேகமான வளைவுக்குள் பிரேக்கோடு நுழையும்போது கார் சுழன்றுவிடும் ஆபத்து அதில்தான் இருக்கிறது. முன்னும் பின்னும் ஒரே குணமுள்ள பேடையே போடுங்கள்.

இனி வேலை. உங்கள் காரில் ஹேண்ட் பிரேக் மின்மோட்டாரில் இயங்கினால், ஸ்கேன் கருவியால் முதலில் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முன் பிஸ்டனை நெம்பித் தள்ளினால் மோட்டாரின் உள்பாகம் உடையும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வீல், காலிப்பர், பிராக்கெட், டிஸ்க் என்ற வரிசையில் கழற்றுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைப் பளபளக்கும்வரை தேயுங்கள். இதில் அவசரப்படுகிறவர்கள் பிறகு பிரேக் உதறுகிறது என்று புலம்புவார்கள். புது ரோட்டரில் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்து மாட்டி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. பின்னால் இருக்கும் தூசித் தகடு காற்று நுழையும் வாயை மறைக்கிறதா என்று கவனியுங்கள். வாயை அடைத்துவிட்டால் காற்றுப்பாதை இருந்தும் பயனில்லை.

புதிய பிராக்கெட், பேட், காலிப்பரை மாட்டி, ஹோஸைப் புதிய காலிப்பருக்கு மாற்றுங்கள். காலிப்பர் போல்ட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கும், வீல் போல்ட்டுகளை 120 நியூட்டன் மீட்டருக்கும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். பிரேக் ஆயிலையும் மாற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். டாட் 4 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பின் அது 155 வரை இறங்கலாம். டிராக்குக்கு மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற, 300 டிகிரி தாண்டும் ஆயில்தான் சரி. கார் நகருமுன் மிதியை அழுத்தி அது கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கைச் சர்வீஸ் நிலையிலிருந்து மீட்டுவிடுங்கள்.

பிறகு ஆளில்லாத நீண்ட பாதையில் 100-லிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை அழுத்தமாக பிரேக் பிடியுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். அடுத்து பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிராக்கிலும் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிவிட்டு, பிட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பலன் தெரிய, டிஸ்க்கின் விளிம்பில் வெப்பப் பெயின்ட் தடவலாம். ஏபி ரேசிங் பெயின்டில் பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். பழைய டிஸ்க்கிலும் இதைத் தடவி ஓட்டி வைத்திருந்தால் இரண்டையும் ஒப்பிடலாம். ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பின்னும் டார்ச் அடித்து ரோட்டரைப் பாருங்கள். விளிம்பு வரை ஓடிய வெடிப்போ, 20 மி.மீ.க்குக் கீழ் தேய்ந்த தடிப்போ தெரிந்தால் மீண்டும் ஓட்டாமல் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.