இணையவழிப் பாடமும் அதன் ஒழுங்கும்

நூல்கள் பல குவிந்து கிடத்தலால் மட்டும் ஓர் அறை நூலகம் ஆகிவிடாது. அவை வகைப்படுத்தப்பெற்று, வேண்டுவார் வேண்டியபொழுது எளிதில் எடுக்குமாறு அடுக்கப்பெற்றிருத்தல் வேண்டும். இவ்விதி இணையவழிப் பாடத்துக்கும் பொருந்தும். ஆசிரியர்க்கு அறிவுரை கூறுதல் மாணாக்கற்கு அடாது என்பதை அறிவேன். எனினும், கற்போன் நிலையினின்று கண்டவற்றை உரைத்தல் பிழையாகாது எனத் துணிந்து இதனை எழுதலானேன்.

கற்றல் மேலாண்மை அமைப்பு என்பது யாதெனின், பாடப்பொருள், ஒப்படைப்பு, தேர்வு, மதிப்பெண் ஆகிய யாவற்றையும் ஓரிடத்தே வைத்து நடத்தும் கணினி மென்பொருளாம். ஆஸ்திரேலிய நாட்டு மார்ட்டின் டூகியாமாஸ் என்பார் உருவாக்கிய மூடில் 2002 ஆம் ஆண்டில் முதற்பதிப்பாக வெளிவந்தது. கட்டணமின்றிப் பெற்றுத் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளக் கூடியதாதலின், கல்வி நிலையங்கள் பல அதனை மேற்கொண்டன. தமிழுலகும் இத்துறையிற் பின்தங்கியதன்று. உலகெங்கும் வாழும் தமிழர் இருந்த இடத்திலிருந்தே தமிழ் கற்குமாறு, 2001 ஆம் ஆண்டிலேயே சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதுவே இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்குகின்றது. 2017 ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய ஸ்வயம் திட்டமோ, ஒவ்வொரு பாடத்தையும் காணொலி விரிவுரை, படிப்புப்பொருள், தன்மதிப்பீட்டுத் தேர்வு, ஐயந்தெளியும் கலந்துரையாடல் என நான்காக வகுத்தது.

நிற்க. இவ்வொழுங்கு எவர்க்கு இன்றியமையாதது? வகுப்புக்கு நாள்தோறும் வருபவன் தன் ஐயத்தை நேரிற் கேட்டுத் தெளிவான். வரவியலாது போனவனுக்கோ பாடப்பக்கமே ஆசிரியர். யான் வாழும் மணலியில் இத்தகையோர் உளர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் உடைய இவ்வூரில் ஷிப்டு வேலையால் வாழும் குடும்பங்கள் பல. துறைமுகம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரிகளிடையே காலைப் பேருந்து சிக்கி நிற்றலும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் எழுந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகம்வரை பரவிய துயரை நாம் மறந்திலேம்.

என் நண்பர் ஒருவர் இல்லத்தில் கைப்பேசி ஒன்றே உண்டு. தந்தையார் வேலை முடிந்து இரவு பத்து மணிக்குத் திரும்பிய பின்னரே அது அவர் கைக்கு வரும். ஒருநாள் அவர் பாடப்பக்கத்தைத் திறந்தார். ‘குறிப்பு’, ‘புதிய குறிப்பு’, ‘இறுதிக் குறிப்பு’ எனக் கோப்புகள் வரிசையாகக் கிடந்தன. எது அவ்வாரத்துக்கு உரியது என ஒன்றும் விளங்கவில்லை. தேடி முடிப்பதற்குள் நள்ளிரவாயிற்று. ஒப்படைப்பு வாயிலும் அடைபட்டது. அவர் மதிப்பெண்ணை இழந்தார். அதனினும் கொடிதாகச் சோம்பேறி என்னும் பெயரையும் பெற்றார்.

இதனைத் தவிர்ப்பது அரிதன்று. முதலாவது, பாடத்தை வாரம் அல்லது அலகு வாரியாகப் பகுத்து, முதலிற் படிக்க வேண்டுவது யாது, அடுத்துச் செய்ய வேண்டுவது யாது என ஒவ்வொன்றின் தலைப்பிலும் இரண்டு வரி எழுதுதல் வேண்டும். இரண்டாவது, கோப்பின் பெயரே அதன் அலகையும் பொருளையும் சொல்லுதல் வேண்டும். மூன்றாவது, காணொலியோடு அதன் சுருக்கத்தை எழுத்திலும் தருதல் வேண்டும். குறைந்த இணைய அளவுடையார்க்கு அதுவே துணை. மூடிலின் கைப்பேசிச் செயலியில் பாடப்பொருளை முன்னரே இறக்கி வைத்துக்கொண்டு, தொடர்பு அற்றபொழுதும் படிக்கலாம். நான்காவது, ஒப்படைப்புக்கு உரிய நாளும், அதன்பின் எதுவும் ஏற்கப்படாத நாளும் வெவ்வேறாகக் குறித்தற்கு அதில் இடமுண்டு. தனியொருவர்க்குக் காலநீட்டிப்பு அளித்தலும் கூடும். ஐந்தாவது, ஆசிரியர் மாணவர் நிலைக்கு மாறிப் பக்கத்தைப் பார்க்கும் வசதியும் அதில் அமைந்துள்ளது. பாடம் தொடங்குமுன் ஒருமுறை அவ்வாறு பார்ப்பின் குறைகள் தாமே புலப்படும்.

இத்துணை எளிமை மாணவரை வகுப்புக்கு வாராது செய்யுமே எனச் சிலர் வினவுவர். வர இயன்றும் வாராதவனை ஒழுங்கற்ற பக்கம் வகுப்புக்கு அழைத்து வருவதில்லை; வர விரும்பியும் இயலாதவனையே அது வாட்டுகின்றது. மாணவராகிய நமக்கும் இதிற் கடமை உண்டு. தெளிவில்லாத இடத்தைப் பணிவுடன் ஆசிரியர்க்கு உணர்த்துதலும், வாராத தோழனுக்கு வழி காட்டுதலும் நம் பொறுப்பே.

ஆதலின், ஒழுங்கு என்பது அழகுக்காக அன்று. இரவு பத்து மணிக்குக் கைப்பேசியைத் திறக்கும் ஒருவன் பொருட்டாம். அவன் தடுமாறாது கற்பானாயின், ஏனையோர் யாவரும் எளிதிற் கற்பர்.