திரையில் காணாத நாட்கள்



1982-இல் வெளிவந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' ஆகிய இரு படங்களிலும் கதாநாயகன் புற்றுநோயால் மரிக்கிறான்.  இவற்றைப் பார்த்துப் பழகிய பலர், புற்றுநோய் என்றாலே சாவு என்று பயந்து, கட்டியை மறைத்துக் காலந்தாழ்த்தி வருகிறார்கள்.

வார்டில் நாங்கள் காண்பது வேறு. எல்லாரும் பிழைப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் வியாதியஸ்தரின் நாட்கள் பெரும்பாலும் காத்திருப்பதிலேயே கழிகின்றன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு, வாரம் 5 நாட்கள் வீதம் ஏறக்குறைய 5 வாரங்கள் நடக்கும். மார்பகப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் 3 வாரத்திற்கு ஒருமுறை மருந்து ஏற்றுவார்கள். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால், பஸ் ஏறி வந்தவர் மருந்தில்லாமலே திரும்ப வேண்டியதாகும். பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோய் இன்று பெரும்பாலும் குணமாகக்கூடியது. ஆனால் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீடிக்கும்.

இந்நாட்களில் வாய்ப்புண்ணும் வாந்தியும் மட்டுமல்ல, கூலி இழப்பும், துணைக்கு வந்தவரின் சாப்பாடும், தங்குமிடமும் பாரமாகின்றன. இதனால் சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்கள் உண்டு. அப்படி விட்டால் குணமாகக்கூடிய நோயும் திரும்ப வரலாம்.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு நிற்கவில்லை. மறுநாள் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, அதிகம் செலவானால் அதையும் தருவதாக ஒப்புக்கொண்டான். இரக்கத்திற்கு மறுநாளும் உண்டு என்பதே நாம் கற்கும் பாடம்.

உங்கள் சபையில் ஒருவர் சிகிச்சையில் இருந்தால், முதல் வாரம் பார்த்ததோடு விட்டுவிடாதிருங்கள். மூன்றாம் மாதத்திலும் அவரோடு பஸ் ஏறுங்கள். உங்கள் காணிக்கையிலும் ஜெபத்திலும் இந்த நீண்ட நாட்களை நினைத்தருளுங்கள்.