கிட்னி மாற்றியவருக்கு நிலவேம்பு கொடுக்கலாமா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். உடனே அடுப்பில் நிலவேம்புக் கஷாயம் கொதிக்கும். 2012-ல் டெங்கு பரவியபோது அரசே அதை மக்களுக்குக் கொடுத்தது. நானும் எழுதிக் கொடுப்பவன்தான். ஆனால், வீட்டில் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர் இருந்தால் அந்த டம்ளரை அவரிடம் நீட்டாதீர்கள். ‘சித்த வைத்தியரே இப்படிச் சொல்றாரே!’ என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

அடுத்தவர் சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும், விட்டால் தாக்கும். அதைத் தடுக்கத்தான் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு மாத்திரைகள். எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே அடக்குபவை இவை. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் குணமுள்ள நிலவேம்பு, சீந்தில், அமுக்கரா இவற்றை அதன்மேல் கொடுத்தால் புதுச் சிறுநீரகத்துக்கே ஆபத்தாக முடியலாம்.

சரி, எதிர்ப்புச் சக்தி அடங்கியிருந்தால் வைரஸ் புகாதா? புகும். பல சமயம் வெளியிலிருந்துகூட வர வேண்டாம், உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும். சைட்டோமெகலோ வைரஸ் (சி.எம்.வி.) நம்மில் அநேகருக்குச் சிறுவயதிலேயே வந்து தங்கிவிட்ட ஒன்று. அறுவைக்குப் பின் முதல் ஆறு மாதங்களில் விழித்துக்கொண்டு காய்ச்சல், பேதி, அசதி, வெள்ளணுக் குறைவு என்று படுத்தும். தானம் கொடுத்தவரிடம் இந்த வைரஸ் இருந்து, பெற்றவருக்கு அதுவரை வந்ததே இல்லையென்றால் ஆபத்து மிக அதிகம். அதனால்தான் சில மாதங்களுக்கு வால்கான்சிக்ளோவிர் மாத்திரை கொடுக்கிறார்கள். விலை கையைக் கடிக்கிறதே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று பி.கே. வைரஸ். வேலூர் சி.எம்.சி.யில் சிறுநீரக மாற்று தொடங்கிய அதே 1971-ல்தான், லண்டனில் அப்படி அறுவை செய்துகொண்ட ஒருவரின் சிறுநீரில் இதைக் கண்டதாக அறிவித்தார்கள். அவர் பெயரின் முதலெழுத்துகளே வைரஸுக்குப் பெயராகிவிட்டன! இது காய்ச்சல்கூடக் காட்டாது. கிரியேட்டினின் மட்டும் ஏறும். ரத்தப் பரிசோதனையில்தான் பிடிபடும். இதற்கு முக்கிய சிகிச்சை, எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைப்பதுதான். எவ்வளவு என்பதை நெஃப்ராலஜிஸ்ட் முடிவு செய்யட்டும். நாமாகக் குறைத்தால் உடம்பு சிறுநீரகத்தை நிராகரித்துவிடும்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்? வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், எல்லாவற்றுக்கும் மேலாக, நிராகரிப்பு வந்து பலமான மருந்து ஏற்றிக்கொண்டவர்கள். அவர்களுக்கு வைரஸ் பயம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பம்பளிமாஸ் பழத்தையும் தள்ளி வையுங்கள். அது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். அளவு ஏறினால் எதிர்ப்பு இன்னும் அடங்கும், வைரஸுக்குக் கொண்டாட்டம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் போலியோ சொட்டு மருந்து கொடுக்குமுன் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ், குழந்தையின் மலத்தில் வெளியேறும். ஊசி வடிவத்தில் அந்தப் பயம் இல்லை. தாத்தாவோ பாட்டியோ சிறுநீரகம் மாற்றியவர் என்றால் குழந்தைக்கு நாப்கின் மாற்றும் வேலையை அவரிடம் விடாதீர்கள். அம்மை போட்டவர் அருகிலும் அவர் போகக்கூடாது. தெரியாமல் போய்விட்டால் அன்றே டாக்டருக்குத் தெரிவியுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயமும் வேண்டாம், கடை மாத்திரையும் வேண்டாம். அறுவை நடந்த மருத்துவமனைக்கு அப்போதே போன் செய்யுங்கள், நடுராத்திரியானாலும்.