பனியாய் உறைந்த நீரும் பின்வாங்கிய கடலும்

நுழையுமுன்

மலை, ஆறு, கடல் ஆகிய மூன்றையும் தனித்தனியே கற்பது வழக்கம். ஆனால் மூன்றிலும் இருப்பது ஒரே நீர். உலகம் குளிர்ந்திருந்த பனியுகத்தில் அந்நீர் இடம் மாறியது. அதனால் நிலத்தின் உருவமும் மாறியது. இமயமலை, நீலகிரி, கொல்கத்தா ஆகிய மூன்று இடங்களில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு அம்மாற்றத்தை இப்பாடம் விளக்குகிறது.

கலங்கி ஓடும் ஆறு

கொல்கத்தாவின் கார்டன் ரீச் பகுதியில் ஹூக்ளி ஆறு கலங்கிய நிறத்துடனேயே ஓடுகிறது. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அமைந்த அக்கரையில், நீரோடு வரும் வண்டல் ஓயாது படிகிறது. கப்பல்கள் தரைதட்டாமல் இருக்க, ஆற்றின் அடியில் சேரும் மண்ணைத் தொடர்ந்து தூர்வார வேண்டியுள்ளது. கங்கை நீரின் ஒரு பகுதியை ஹூக்ளிக்குத் திருப்பி, வண்டலைக் கடலை நோக்கித் தள்ளும் நோக்கத்துடன் ஃபராக்கா தடுப்பணை கட்டப்பட்டது. அது 1975ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது.

ஹூக்ளியின் மேற்பகுதிக்குப் பாகீரதி என்று பெயர். இமயமலையில் கங்கையின் தலையாறாகக் கருதப்படும் ஆற்றுக்கும் அதே பெயர் வழங்குகிறது. பகீரதன் கங்கையை மண்ணுக்குக் கொணர்ந்தான் என்னும் கதையால் அமைந்த பெயர் இது. பெருமுயற்சியைப் ‘பகீரத முயற்சி’ எனத் தமிழர் கூறுவதும் அக்கதையை ஒட்டியே. பெயர் இணைத்த இவ்விரு இடங்களை மண்ணும் இணைக்கிறது. கார்டன் ரீச்சில் படியும் வண்டலில் இமயமலைப் பாறையின் துகள்களும் கலந்துள்ளன.

பனியுகம் என்பது யாது?

பூமி கதிரவனைச் சுற்றும் பாதையின் வடிவமும், பூமியின் அச்சுச் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளில் சிறிது சிறிதாக மாறுகின்றன. அதனால் வடபகுதி நிலங்கள் கோடையில் பெறும் வெயில் கூடியும் குறைந்தும் வருகிறது. கோடை வெயில் குறையும் காலங்களில், முந்தைய குளிர்காலத்துப் பனி முழுவதும் உருகுவதில்லை. எஞ்சிய பனியின்மேல் புதுப்பனி சேர்ந்து, காலப்போக்கில் பெரும் பனிப்படலமாகிறது. இக்கணக்கை விரிவாக ஆராய்ந்தவர் செர்பிய அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச்.

கடைசிப் பனியுகம் ஏறத்தாழ 1,15,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் அதன் கடுங்குளிர்க் காலம் நிலவியது. அப்போது உலகின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஏறத்தாழ 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் குறைந்திருந்தது. வட அமெரிக்காவின் வடபகுதியும் ஐரோப்பாவின் வடபகுதியும் பனிப்படலத்தின் கீழ் இருந்தன.

பாறையைத் தேய்த்த பனியாறு

இமயமலையின் கங்கோத்ரி பனியாறு இன்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம் உடையது. அதன் முகப்பாகிய கோமுகம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. பனியாறு அசையாத பனிக்கட்டி அன்று. தன் எடையாலேயே அது மெல்ல மெல்லச் சரிவில் இறங்குகிறது. இறங்கும்போது கற்களை வாரிக்கொண்டு, அவற்றால் அடிப்பாறையை அரத்தால் அராவுவதுபோல் தேய்க்கிறது. தேய்ந்த பாறை மாவுபோன்ற துகளாகி உருகுநீரில் கலக்கிறது.

ஓடும் நீர் மலையில் வெட்டும் பள்ளத்தாக்கு, அடியில் குறுகி மேலே விரிந்திருக்கும். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கோ அடி அகன்று, இருபுறமும் செங்குத்தாக நிற்கும். ‘ப’ என்னும் எழுத்தைக் கண்முன் கொண்டால் அதன் வடிவம் விளங்கும். பனியாறு உருகிப் பின்வாங்கும்போது, சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் கரைமேடுகளாக விட்டுச்செல்கிறது. இம்மேடுகளுக்கு மொரைன் என்று பெயர்.

இத்தகைய தடங்கள் பாகீரதி பள்ளத்தாக்கில் கோமுகத்துக்கு வெகு கீழேயும் காணப்படுகின்றன. அவற்றை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் பனியாறு இன்றைய முகப்பிலிருந்து 40 கிலோமீட்டர் கீழே, ஜாலா என்னும் ஊர் வரை நீண்டிருந்தது எனக் கணித்துள்ளனர். காலத்தைக் கணிக்க மணலே உதவியது. புதைந்த மணல்துகள், சுற்றியுள்ள பாறையின் கதிர்வீச்சைச் சிறிது சிறிதாகச் சேமிக்கிறது. வெயில் பட்டால் அச்சேமிப்பு அழிந்துவிடும். ஆகவே சேமிப்பின் அளவு, அம்மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தைச் சொல்லும்.

குளிர் மட்டும் போதாது

இங்கே ஒரு வியப்பு எழுகிறது. உலகம் கடுங்குளிரில் இருந்தது 20,000 ஆண்டுகளுக்கு முன். ஆனால் இப்பனியாறு மிக நீண்டிருந்ததோ அதற்கும் வெகுகாலம் முன்பு. குளிர் மிகுந்தபோது பனியாறு ஏன் மிக நீளவில்லை?

பனியாறு வளரக் குளிரும் வேண்டும், பொழியும் பனியும் வேண்டும். இமயமலையின் இப்பகுதிக்கு ஈரத்தைக் கொண்டுவருவதில் தென்மேற்குப் பருவக்காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. கடுங்குளிர்க் காலத்தில் கடலும் குளிர்ந்திருந்தது. நிலமும் போதிய அளவு சூடேறவில்லை. அதனால் பருவக்காற்று வலுவிழந்தது. உண்டியலில் காசு போடுவார் இல்லையெனில், உண்டியல் எவ்வளவு பெரிதாயினும் நிறையாது. இமயமலைப் பனியாற்றின் நிலையும் அதுவே.

நீலகிரியின் கருஞ்சேறு

பருவமழை குறைந்ததற்கான சான்று தமிழ்நாட்டிலும் கிடைத்தது. நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் சதுப்புநிலங்கள் உள்ளன. அங்கே செடிகொடிகள் முழுதும் மட்காமல், அடுக்கடுக்காகப் படிந்து கருஞ்சேறாகியுள்ளன. இதனைப் பீட் என்பர். ஆழத்திலுள்ள அடுக்கு பழையது, மேலடுக்கு புதியது.

வறண்ட நிலத்தில் செழிக்கும் வெப்பமண்டலப் புற்களும், ஈரநிலத்தில் வளரும் மரங்களும் செடிகளும் காற்றிலுள்ள கரியை வெவ்வேறு முறையில் ஏற்கின்றன. மட்கிய பின்னும் அவ்வேறுபாடு சேற்றில் நிலைத்திருக்கும். இதனைக் கொண்டு இரா. சுகுமார் முதலிய இந்திய ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 1993ஆம் ஆண்டு வெளிவந்தது. கடுங்குளிர்க் காலத்தில் நீலகிரி வறண்டு, புல் மிகுந்திருந்தது என்றும், பனியுகம் முடிந்தபின் மழை பெருகியது என்றும் அச்சேறு காட்டியது. பனியாறு இல்லாத தென்மலையும் பனியாறு நிறைந்த வடமலையும் ஒரே பருவக்காற்றின் வரலாற்றைக் கூறுகின்றன.

பின்வாங்கிய கடல், திரும்பிய கடல்

நிலத்தில் உறைந்த நீர் அனைத்தும் கடலிலிருந்து ஆவியாகிச் சென்றதே. ஆதலால் கடுங்குளிர்க் காலத்தில் கடல்மட்டம் இன்றைய நிலையைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. வங்கக் கடற்கரை தெற்கே வெகுதொலைவு விலகியது. தாழ்ந்த கடலை அடைய, ஆறுகள் சமவெளியை ஆழமாக வெட்டிக்கொண்டு ஓடின.

பின்னர் உலகம் வெப்பமடைந்தது. பனி உருகியது, கடல் உயர்ந்தது, பருவமழையும் வலுத்தது. மலையில் தங்கியிருந்த கல்லும் மண்ணும் வெள்ளத்தோடு இறங்கின. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிச் சில ஆயிரம் ஆண்டுகள், கங்கையும் பிரம்மபுத்திராவும் இன்றைய அளவினும் இருமடங்குக்கு மேற்பட்ட வண்டலைக் கொணர்ந்தன எனக் கணிக்கப்பட்டுள்ளது. உயரும் கடலுக்கும் இறங்கும் மண்ணுக்கும் இடையே வங்கத்தின் கழிமுகம் உருவாயிற்று.

கார்டன் ரீச்சிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வில்லியம் கோட்டை உள்ளது. அங்கே குடிநீர் தேடி 1835 முதல் 1840 வரை துளையிட்டனர். 481 அடி, அதாவது ஏறத்தாழ 147 மீட்டர் ஆழம் சென்றும் அடிப்பாறை தட்டுப்படவில்லை. களிமண், மணல், பீட், கூழாங்கல் ஆகியவையே அடுக்கடுக்காக வந்தன. சியால்டாவில் குளம் வெட்டியபோது, ஏறத்தாழ 30 அடி ஆழத்தில் சுந்தரி மரங்களின் அடிக்கட்டைகள் கிடைத்தன. சுந்தரி, கடலலை ஏறியிறங்கும் கழிமுகச் சேற்றில் வளரும் மரம். இன்று பெருநகரம் நிற்குமிடத்தில் ஒருகாலத்தில் சுந்தரவனம் இருந்தது என்பதற்கு அக்கட்டைகளே சான்று. வண்டலின் சுமையால் நிலம் தாழத் தாழ, அதன்மேல் புதுவண்டல் படிந்தது.

இன்றைய மாற்றம்

கங்கோத்ரி பனியாறு 1935ஆம் ஆண்டு முதல் அளக்கப்பட்டு வருகிறது. 1996ஆம் ஆண்டு வரையிலான 61 ஆண்டுகளில் அதன் முகப்பு ஏறத்தாழ 1,150 மீட்டர் பின்வாங்கியது. கடுங்குளிர்க் காலத்தில் காற்றின் பத்து இலட்சம் பங்கில் கரியமிலவாயு ஏறத்தாழ 180 பங்காக இருந்தது. பல ஆயிரம் ஆண்டுகளில் அது 280 பங்காக உயர்ந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கத் தொடங்கிய பின், ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்குள் 420 பங்கைக் கடந்துவிட்டது.

பனி உருகினால் கடல் உயரும் என்பது பனியுகம் கற்பித்த பாடம். கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேயே அமைந்த கொல்கத்தா போன்ற நகரங்களுக்கு அப்பாடம் பழங்கதை அன்று. கோமுகத்தில் பனிக்கு நேர்வது கார்டன் ரீச்சின் கரையையும் தொடும்.

சொல்லும் பொருளும்

வண்டல் – ஆற்றுநீர் கொணரும் நுண்மண்
அராவுதல் – அரத்தால் தேய்த்தல்
கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
சதுப்பு – நீர் தேங்கிய சேற்றுநிலம்

பயிற்சி

அ) பிரித்து எழுதுக: பனியாறு, கருஞ்சேறு, பெருநகரம்.

ஆ) ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மொரைன் எவ்வாறு உண்டாகிறது?
2. மணல்துகளைக் கொண்டு காலத்தை எவ்வாறு கணிக்கின்றனர்?
3. சியால்டாவில் கிடைத்த மரக்கட்டைகள் எதனை உணர்த்துகின்றன?

இ) கணக்கிடுக: 1935 முதல் 1996 வரை கங்கோத்ரி பனியாறு ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை மீட்டர் பின்வாங்கியது?

ஈ) ஒரு பத்தி அளவில் எழுதுக: ‘பனியாறு வளரக் குளிர் மட்டும் போதாது.’ இமயமலை, நீலகிரிச் சான்றுகளுடன் விளக்குக.

உ) செயல்பாடு: சொந்த ஊரின் ஆறு எம்மலையில் பிறக்கிறது, அதன் கரையில் எவ்வகை மண் உள்ளது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அறிக. அதனை ஹூக்ளிக் கரை மண்ணுடன் ஒப்பிட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.